மறுவாழ்வு இல்லத்துக்கு அறவாரிய மானியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கில் நாங்கள் நடத்தும் மறுவாழ்வு இல்லத்தில் பன்னிரண்டு கட்டில்கள் இருக்கின்றன. ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் சீவிய தலைமுறையின் பிள்ளைகளும் பேரன்களும்தான் பெரும்பாலும் வருகிறார்கள். சிலருக்குச் சம்சு என்னும் மலிவுச் சாராயம், சிலருக்கு ஷாபு என்னும் போதைப்பொருள், சிலருக்கு இரண்டும். நான் இல்லத்தின் செயலாளர். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் வட பேராக்கிலும் இதே பணியைச் செய்பவர்கள் மானியம் பற்றி அடிக்கடி அழைத்துக் கேட்கிறார்கள். கேள்விகள் மாறுவதில்லை என்பதால், கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

மானியமும் நன்கொடையும் ஒன்றுதானே?

இல்லை. நன்கொடை தருபவர் மனமிரங்கித் தருகிறார். அதை அரிசிக்குச் செலவழித்தீர்களா, வாடகைக்கா என்று பெரும்பாலும் கேட்பதில்லை. மானியம் ஒரு குறிப்பிட்ட வேலைக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, ஒப்பந்தம் எழுதித் தரப்படும் பணம். இருபது குடும்பங்களுக்கு ஆலோசனை வழங்குவதாக எழுதி வாங்கிய பணத்தில் கூரையை மாற்றக் கூடாது, மழை கட்டிலில் ஒழுகினாலும்.

மானியம் கடன் அல்ல. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் கணக்குக் காட்டாவிட்டால் அடுத்த தவணையை நிறுத்துவார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கவும் ஒப்பந்தத்தில் இடமிருக்கும். கையெழுத்திடும் முன் அந்தப் பகுதியைப் பொருளாளரோடு உட்கார்ந்து இரண்டு முறை படியுங்கள்.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து குடிப்பவர்களுக்கு உதவுகிறோம். சங்கம் பதிவு செய்யவில்லை. எங்களுக்கும் கிடைக்குமா?

இப்போதைக்குக் கிடைக்காது. அறவாரியங்கள் தனிநபர் கணக்கில் பணம் போடுவதில்லை. அமைப்பின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், அதற்குப் பதிவு வேண்டும். 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் சேர்ந்து சங்கப் பதிவிலாகாவில் பதிவு செய்யலாம். விண்ணப்பம் அந்த இலாகாவின் இரோசஸ் இணையத்தளத்தின் வழியாகப் போகிறது. உங்களுக்கு இன்னும் மூன்று பேர்தான் தேவை. குடியை நிறுத்திய ஒருவரின் மனைவியையும், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரையும், கணக்கு எழுதத் தெரிந்த ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சட்டவிதியை எழுதும்போது கவனமாக இருங்கள். நம் பக்கத்துச் சங்கங்கள் பல, வேறொரு சங்கத்தின் சட்டவிதியைப் படியெடுத்துப் பதிவானவை. நோக்கங்கள் என்ற பகுதியில் சமயம், கலை, பண்பாடு எல்லாம் இருக்கும். போதை என்ற சொல் மட்டும் இருக்காது. மானிய அதிகாரி முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். மது, போதைப்பொருள் பழக்கத்திலிருந்து மீள்வோருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் உதவுவது என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

பதிவு கிடைக்கும்வரை, ஏற்கெனவே பதிவுள்ள ஓர் அமைப்பின் துணைக்குழுவாக இயங்கலாம். கோயில் நிர்வாகம், இளைஞர் மன்றம், 1976 முதல் இயங்கும் போதைப்பொருள் தடுப்புச் சங்கமான பெமாடாமின் உள்ளூர்க் கிளை ஆகியவற்றைக் கேட்டுப் பாருங்கள்.

பதிவு இருக்கிறது ஐயா. ஆனால் இரண்டு வருடமாக ஆண்டறிக்கை அனுப்பவில்லை. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வார்களா?

எடுத்துக்கொள்வார்கள். எங்களுக்கே நடந்தது. ஓர் அறவாரியம் வாய்மொழியாக ஒப்புக்கொண்ட பிறகு, பதிவு நடப்பில் உள்ளது என்பதற்குச் சான்று கேட்டது. நாங்கள் இரண்டு ஆண்டு அறிக்கைகளை அனுப்பாமல் விட்டிருந்தோம். பொதுக்கூட்டம் நடந்தது, பலகாரம்கூடப் பரிமாறினோம். பாரத்தை நிரப்பத்தான் யாரும் உட்காரவில்லை. அந்த மானியம் போய்விட்டது. அந்த ஆண்டு இறுதியில் நான்கு பேரைச் சேர்த்துக்கொள்ள முடியாமல் திருப்பி அனுப்பினோம். அவர்களில் ஒருவரின் தாயார் வாசலில் நின்றது இன்றும் என் கண்ணில் இருக்கிறது.

ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாட்களுக்குள் அறிக்கை போய்ச் சேர வேண்டும். விடுபட்டவற்றை முதலில் அனுப்பி முடியுங்கள்; விண்ணப்பம் அதற்குப் பிறகுதான். நீண்ட காலம் விட்டுவிட்டால் பதிவே ரத்தாகலாம்.

ஏ.ஏ.டி.கே. அனுமதி இல்லாமல் விண்ணப்பிக்கலாமா?

ஏ.ஏ.டி.கே. என்பது தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனம். அதன் அனுமதி வேண்டுமா என்பது நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. போதைப்பொருளுக்கு அடிமையானவர்களைத் தங்கவைத்து மறுவாழ்வு அளிப்பதென்றால், 1983-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சார்ந்தோர் சிகிச்சை, மறுவாழ்வுச் சட்டத்தின்கீழ் தனியார் மறுவாழ்வு மையமாக அனுமதி பெற வேண்டும். அனுமதி இல்லாத இல்லத்துக்குப் பணம் தந்து பெயரைக் கெடுத்துக்கொள்ள எந்த அறவாரியமும் விரும்பாது. கட்டடம் பற்றி நகராண்மைக் கழகத்தின் ஒப்புதலையும் தீயணைப்புத் துறையின் ஒப்புதலையும் கேட்பார்கள்.

வாரம் ஒருமுறை கூடிப் பேசுவது, குடும்பத்தாருக்கு ஆலோசனை சொல்வது, வேலை தேடித் தருவது போன்றவற்றுக்குத் தங்கும் இடம் தேவையில்லை. பலர் இதில் தொடங்கி, கணக்கும் பெயரும் நிலைத்த பிறகு இல்லம் திறக்கிறார்கள். நான் பரிந்துரைப்பதும் அதுதான். மதுவுக்காக மட்டும் இயங்குபவர்கள் அரசாங்கக் கிளினிக் மருத்துவரிடமோ சமூகநலத் துறையிடமோ ஓர் ஆதரவுக் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்களை ஓர் அரசாங்க அலுவலகம் அறிந்திருக்கிறது என்பதற்கு அது சான்று.

எங்கே போய்த் தேடுவது? யார்தான் தருகிறார்கள்?

அருகிலிருந்து தூரத்துக்குப் போங்கள். நம்மைச் சுற்றியுள்ள மண்ணில் பொருள் ஈட்டியவர்கள் முதலில். ரப்பர் வணிகத்தில் உயர்ந்த லீ கோங் சியான் 1952-இல் தொடங்கியது லீ அறவாரியம். 1982-இல் உபகாரச் சம்பளத்துக்காகத் தொடங்கிய யாயாசான் சைம் டார்பி இன்று சமூகம், சுகாதாரம் உள்ளிட்ட துறைகளிலும் இயங்குகிறது. உங்கள் தோட்டத்தை வைத்திருக்கும் நிறுவனம் எது, அதற்குச் சமூகப் பொறுப்புப் பிரிவு இருக்கிறதா என்று தோட்ட அலுவலகத்திலேயே கேளுங்கள். அதற்கு அடுத்து, அரசாங்க முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனலின் யாயாசான் ஹசானா போன்ற பெரிய மானிய அமைப்புகள். இந்தியச் சமூகத்துக்கான மித்ரா அறவாரியம் அல்ல, அரசாங்கப் பிரிவு. அதன் அறிவிப்புகளையும் கவனியுங்கள். மித்ரா மானியங்கள் குறித்து 2021-இல் ஊழல் தடுப்பு ஆணையம் விசாரணை நடத்தியது ஊரறிந்த செய்தி. அதனால்தான் ரசீது விஷயத்தில் நாம் ஒரு பங்கு கூடுதலாகவே கவனமாக இருக்க வேண்டும் என்கிறேன்.

தூதரகங்களும் சிறு மானியங்கள் தருகின்றன. ஆஸ்திரேலியாவின் நேரடி உதவித் திட்டம், கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதி, ஜப்பானின் அடித்தள மக்கள் திட்ட மானியம் ஆகியவை உள்ளூர் அமைப்புகளுக்கென்றே உள்ளவை. ஜப்பானிய மானியம் கட்டடம், கருவி போன்றவற்றுக்குப் பொருந்தும். மாதச் செலவுக்கு அதை நம்ப வேண்டாம். ஊசி வழியாகப் போதைப்பொருள் எடுத்தவர்களோடு நீங்கள் பணியாற்றினால் மலேசிய எய்ட்ஸ் மன்றத்தோடு தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். இந்நாட்டில் போதைக்கு மாற்று மருந்தான மெத்தடோன் சிகிச்சை 2005-இலும், பழைய ஊசிக்குப் புதிய ஊசி தரும் ஊசி மாற்றுத் திட்டம் 2006-இலும் தொடங்கியதிலிருந்து, களப்பணி அமைப்புகளுக்கு அந்த மன்றம் ஒரு முக்கியமான வழி.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னது எதுவும் பயன்படாது. போதை மறுவாழ்வு என்ற தலைப்பு அறவாரியங்களின் பட்டியலில் அரிதாகவே இருக்கும். அதைத் தேடிக் காணாமல் பலர் சோர்ந்துபோகிறார்கள். பக்கத்துத் தலைப்புகளைப் பாருங்கள்: குடும்ப வன்முறை, இளைஞர் வேலைவாய்ப்பு, மனநலம், பெண்களின் வருமானம். லயத்து வீட்டில் அப்பா குடியை நிறுத்தினால் பள்ளிக்குத் திரும்புவது பிள்ளை. அப்படியானால் அது கல்வித் திட்டமும்தான். நீங்கள் உண்மையில் செய்யும் வேலைக்குள் அந்தத் தலைப்பு இருந்தால் மட்டும் எழுதுங்கள். பணத்துக்காக வேலையைத் திரிக்காதீர்கள். அறவாரியத்தின் ஆண்டறிக்கையை எடுத்துச் சென்ற ஆண்டு யாருக்கு, எவ்வளவு, எதற்குக் கொடுத்தார்கள் என்றும் பாருங்கள். அவர்களின் மனத்தை அறிய அதைவிட நல்ல வழி இல்லை.

இணையத்தில் தேடினால் அமெரிக்க அறவாரியங்களின் பெயர்கள்தான் வருகின்றன. எழுதிப் பார்க்கலாமா?

உங்கள் நேரத்தை அதில் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தப் பட்டியல்கள் அமெரிக்க வரிச்சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் பதிவான அந்நாட்டு அறநிறுவனங்களுக்காகத் தொகுக்கப்பட்டவை. சாம்சா என்ற பெயர் அடிக்கடி வரும். அது போதைப் பழக்கம், மனநலம் ஆகியவற்றுக்கான அந்நாட்டு அரசாங்க நிறுவனம். அமெரிக்கத் தனியார் அறவாரியம் ஒன்று நமக்குப் பணம் தர வேண்டுமானால், நாம் அவர்கள் நாட்டு அறநிறுவனத்துக்கு நிகரானவர்களா என்று ஆராய வேண்டும். அல்லது செலவின் முழுக் கண்காணிப்பையும் தானே ஏற்க வேண்டும். பத்தாயிரம் வெள்ளிக்காக யாரும் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒன்றுக்கு மட்டும் அவை உதவும். ஃபவுண்டேஷன் சென்டரும் கைட்ஸ்டாரும் 2019-இல் இணைந்து உருவான கேண்டிட் என்ற அமைப்பு, மானியம் கேட்பது எப்படி என்று பயிற்சிப் பாடங்கள் தருகிறது. நல்ல முன்மொழிவு எப்படி இருக்கும் என்று அதில் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

44(6) இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அது என்ன?

1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு, 6-ஆம் உட்பிரிவு. அந்த அங்கீகாரத்தை உள்நாட்டு வருமான வரி வாரியம் உங்களுக்குக் கொடுத்திருந்தால், உங்களுக்குப் பணம் தருபவர் தம் மொத்த வருமானத்தில் பத்து விழுக்காடு வரை கழித்துக் கணக்குக் காட்டலாம். கம்பெனிகளுக்கு இது பெரிய விஷயம், கேட்பது அதனால்தான்.

இல்லாவிட்டால் எல்லாக் கதவும் மூடிவிடாது. அங்கீகாரம் உள்ள ஓர் அமைப்போடு கூட்டுத் திட்டமாக விண்ணப்பிக்கலாம். யார் எதற்குப் பொறுப்பு, பணம் எப்போது கைமாறும் என்று இரு செயலவைகளும் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நண்பர்தானே என்று வாய்ப்பேச்சில் விட்டு, பணம் வந்த மறுமாதமே முகம் பார்க்காமல் போனவர்களை நான் அறிவேன்.

விண்ணப்பத்தில் என்ன எழுதுவது? எனக்கு ஆங்கிலமும் மலாய்மொழியும் அவ்வளவாக வராது.

முதலில் தமிழில் எழுதுங்கள். என்ன குறை, யாருக்கு, நீங்கள் என்ன செய்வீர்கள், எத்தனை மாதம், எவ்வளவு செலவு, நடந்ததா இல்லையா என்று எப்படி அறிவீர்கள். இந்த ஆறுக்கும் தமிழில் தெளிவாகப் பதில் சொல்ல முடியாவிட்டால் எந்த மொழியிலும் சொல்ல முடியாது. பிறகு மொழிபெயர்க்க ஆள் தேடலாம். எங்களுக்கு ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் செய்து தருகிறார். இந்த வட்டாரத்தில் இருப்பவர்களுக்குச் செமிலிங்கில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள்.

சமுதாயம் சீரழிகிறது, இளைஞர்கள் அழிகிறார்கள் என்ற முழக்கத்தோடு தொடங்காதீர்கள். உங்கள் ஊரில் எத்தனை வீடுகள், எத்தனை பேர் உதவி கேட்டு வந்தார்கள், எத்தனை பேருக்கு இடமில்லை என்று தொடங்குங்கள்.

"எத்தனை பேரைக் குணப்படுத்தினீர்கள்?" என்று கேட்கிறார்கள் அண்ணே. உண்மையைச் சொன்னால் பணம் வருமா?

வரும். பொய் சொன்னால்தான் வராது. பத்தில் ஒன்பது பேர் குணமானார்கள் என்று எழுதினால், இத்துறை தெரிந்த அதிகாரி அந்த இடத்திலேயே கோப்பை மூடிவிடுவார். மீண்டும் பழக்கத்துக்குத் திரும்புவோர் 40 முதல் 60 விழுக்காடு என்று அமெரிக்காவின் தேசியப் போதைப் பழக்க ஆய்வு நிறுவனம் சொல்கிறது. இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்கள் சிகிச்சையிலிருந்து வழுவுவதோடு அதை ஒப்பிடுகிறது. இதை நீங்களே விண்ணப்பத்தில் எழுதி, திரும்பி விழுந்தவருக்கு உங்கள் இல்லம் என்ன செய்கிறது என்று சொல்லுங்கள்.

அளப்பதற்கு எளிய வழிகள் உண்டு. மதுவுக்கு உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்னும் வினாத்தாள் இருக்கிறது: பத்துக் கேள்விகள், உச்ச மதிப்பெண் 40, எட்டும் அதற்கு மேலும் வந்தால் குடிப்பழக்கம் தீங்கின் பக்கம் போகிறது என்று பொருள். சேரும்போது ஒருமுறை, ஆறு மாதம் கழித்து ஒருமுறை கேட்டுப் பதியுங்கள். வேலையில் இருக்கிறாரா, வீட்டுக்குப் பணம் கொடுக்கிறாரா, கூட்டத்துக்கு வருகிறாரா என்பவையும் அளவுகள்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் எழுதுங்கள். எங்கள் இல்லத்தில் சமையல் பார்க்கும் அண்ணன் நீல அட்டைப் பயிற்சிப் புத்தகம் ஒன்றில் ஒவ்வோர் இரவும் நான்கு வரி எழுதுவார். ஒரு முறை அறவாரிய அதிகாரி ஒருவர் வந்தபோது, நாங்கள் அச்சடித்து வைத்திருந்த வண்ண அறிக்கையை ஓரமாக வைத்துவிட்டு அந்தப் புத்தகத்தை எடுத்தார். கூட வந்தவர் தமிழர்; படித்துச் சொன்னார். "ஞாயிறு. மழை. பதினொரு பேர் சாப்பிட்டார்கள். ஒருவர் மாலை வெளியே போனார், திரும்பவில்லை." இரண்டு பக்கம் தள்ளி: "புதன். வந்துவிட்டார். கை நடுக்கம். கஞ்சி கொடுத்தேன். கிளினிக் கூட்டிப் போனேன்." அதிகாரி அந்த வரியில் விரலை வைத்து, இவர் இப்போது எங்கே என்று கேட்டார். அவர் கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு எங்களுக்கு மானியம் கிடைத்தது.

செலவுக் கணக்கில் எங்கள் சம்பளத்தைப் போடலாமா? சேவை என்று சொல்லிவிட்டுச் சம்பளம் கேட்பது கூச்சமாக இருக்கிறது.

போடுங்கள். இரவு முழுவதும் நடுக்கத்தோடு இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஊழியர் சேமநிதியான இ.பி.எஃப்., சமூகப் பாதுகாப்புக் காப்புறுதியான சொக்சோ இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். சில அறவாரியங்கள் சம்பளத்துக்கு உச்சவரம்பு வைக்கும், விதிமுறையில் பாருங்கள்.

எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிய வேண்டும். பன்னிரண்டு பேர், மூன்று வேளை, வேளைக்கு 3.50 வெள்ளி, நாளுக்கு 126, ஆண்டுக்கு 45,990 வெள்ளி. இப்படி எழுதினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். "இதர செலவுகள் 12,000" என்று ஒரே வரியில் எழுதிய எங்கள் பழைய விண்ணப்பம் ஒன்று அந்த வரியாலேயே திரும்பி வந்தது.

பையன்களின் படமும் கதையும் வேண்டும் என்கிறார்கள். கொடுக்கலாமா?

முகம் தெரியும் படம் கொடுக்காதீர்கள். போதைப்பொருளை உட்கொள்வதே 1952-ஆம் ஆண்டின் அபாயகரமான போதைப்பொருள் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் குற்றம். தோட்டத்து ஊரில் ஒருவர் முகம் ஒருமுறை வெளியே போனால், ஐந்து ஆண்டு திருந்தி வாழ்ந்தாலும் தங்கை கல்யாணப் பேச்சில் அந்தப் படம் வந்து நிற்கும். கைகள், சமையற்கட்டு, காய்கறித் தோட்டம், கூட்டத்தின் காலணி வரிசை ஆகியவற்றைப் படம் எடுங்கள்.

கதையைப் பெயரும் ஊரும் மாற்றிக் கொடுக்கலாம், உரியவர் சம்மதித்தால். இல்லத்தில் இருக்கும்போது கேட்கும் சம்மதம் முழுச் சம்மதம் அல்ல. சாப்பாடு போடுபவர் கேட்டால் யார் மறுப்பார்? வெளியே போய் ஒரு காலம் ஆனவரிடம் கேளுங்கள்.

பீர் கம்பெனி தருகிறேன் என்கிறது. நாலு நம்பர் கடைக்காரரும் தருகிறேன் என்கிறார். பணம் பணம்தானே?

எங்கள் செயலவை மறுத்துவிட்டது. 1946, 47-இல் இதே கெடாத் தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தார்கள், அடியும் வாங்கினார்கள். அவர்களின் பேரன்கள் எங்கள் கட்டிலில் படுத்திருக்கும்போது, சுவரில் பீர் நிறுவனத்தின் சின்னத்தை மாட்ட எங்களால் முடியவில்லை. சூதாட்டப் பணமும் அப்படித்தான். எங்களிடம் வருபவர்களில் சிலருக்குக் குடியோடு சூதும் சேர்ந்தே இருக்கிறது.

வேறு வழியில்லாமல் வாங்கிய இல்லங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முடிவைச் செயலவைக் கூட்டத்தில் எடுத்துக் குறிப்பேட்டில் எழுதுங்கள். பிற அறவாரியங்கள் நிச்சயம் கேட்கும்.

எங்கள் ஏ.ஏ. கூட்டத்துக்கு மானியம் வாங்க உதவுவீர்களா?

முடியாது, ஏனென்றால் நீங்களே வாங்கக் கூடாது. ஏ.ஏ. என்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் இயக்கம். 1935-இல் அமெரிக்காவில் தொடங்கிய அந்த இயக்கத்தின் ஏழாவது மரபு, ஒவ்வொரு குழுவும் உறுப்பினர்களின் பங்களிப்பில் மட்டுமே இயங்க வேண்டும், வெளிப்பணம் பெறக் கூடாது என்கிறது. உங்கள் கூட்டத்துக்கு இடம் தரும் இல்லமோ சங்கமோ தன் பணிக்காகத் தனியே விண்ணப்பிக்கலாம்.

ஒருவர் மானியம் எழுதித் தருகிறேன், கிடைத்தால் பத்து விழுக்காடு போதும் என்கிறார்.

வேண்டாம். மானியம் எழுதும் தொழிலில் இருப்பவர்களின் நெறிமுறைகளே கிடைக்கும் தொகையில் விழுக்காடு வாங்குவதைத் தடுக்கின்றன. அந்தப் பத்து விழுக்காட்டை எந்தச் செலவாகக் காட்டுவீர்கள்? ரசீது பொய்யாகிவிடும், பொய்யில் கையெழுத்திட்டவர் நீங்களாக இருப்பீர்கள். உதவி தேவையென்றால் வேலைக்கு ஒரு தொகை பேசி, உங்கள் சொந்த நிதியிலிருந்து கொடுங்கள்.

மறுத்துவிட்டார்கள். காரணமும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கள். எதில் குறை இருந்தது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சிலர் பதில் தருவார்கள். அடுத்த சுற்று எப்போது என்று குறித்துவையுங்கள். எங்களுக்கு முதல் மானியம் ஐந்தாவது விண்ணப்பத்தில் வந்தது; நான்கையும் கோப்பில் வைத்திருக்கிறேன்.

ஒரு வருட மானியம் முடியப் போகிறது. அதற்குப் பிறகு என்ன செய்வது?

முடிவதற்கு ஆறு மாதம் முன்பே தேடத் தொடங்கியிருக்க வேண்டும். இப்போதாவது தொடங்குங்கள். அதோடு, எந்த ஓர் அறவாரியத்தின் பணமும் மொத்தச் செலவில் பாதியைத் தாண்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். அவர்களின் கொள்கை மாறினால் உங்கள் கட்டில்கள் காலியாகிவிடக் கூடாது.

உண்டியல் ஏந்தி வீடுவீடாகவோ சாலையிலோ வசூலிப்பதென்றால் 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் இறங்காதீர்கள். எங்களுக்கு உதவுவது மாதச் சந்தா. மாதம் பத்து வெள்ளி தருபவர்கள் அறுபது பேர் இருக்கிறார்கள். வீட்டு வாடகையில் பாதி அதில் போகிறது. முதலில் சேர்ந்தவர் இரவுச் சந்தையில் முறுக்கு விற்கும் அக்கா. அவருடைய மகன் எங்களிடம் எட்டு மாதம் இருந்தான். ஒவ்வொரு மாதமும் பத்து வெள்ளியைப் பத்து ஒரு வெள்ளித் தாள்களாகக் கொண்டுவந்து, ரசீது வாங்கிக்கொண்டுதான் போவார்.